‘செக்’ என்னும் சொல்: பிறப்பும் பொருளும்

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழர்க்குப் புதுச் செய்தியன்று. தொல்காப்பியர் திரிசொல்லின் இயல்பைக் கூறுங்கால், பல சொற்கள் ஒரே பொருளைச் சுட்டுவதையும் ஒரே சொல் பல பொருள்களைச் சுட்டுவதையும் பிரித்துக் காட்டியுள்ளார். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைப்பதற்கென்றே அமைந்தது. நம் முன்னோர் தம் மொழிச் சொற்களை இவ்வாறு ஆராய்ந்தமை போலவே, நாம் அன்றாடம் எடுத்தாளும் பிறமொழிச் சொற்களையும் ஆராய்தல் பயனுடையது. அவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதொரு சொல் ‘செக்’ என்னும் ஆங்கிலச் சொல்லாகும்.

வங்கியில் கொடுப்பது செக். மருத்துவர் நம் உடலைச் செக் செய்கிறார். மாநில எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது. துணிக்கடையில் கட்டம் போட்ட சட்டையைச் செக் சட்டை என்கின்றனர். சதுரங்கம் ஆடுவோர் எதிரியின் அரசனுக்குச் செக் வைக்கின்றனர். அரசியல் செய்தி எழுதுவோரோ, ஒரு தலைவர் மற்றொரு தலைவருக்குச் செக் வைத்துவிட்டதாக எழுதுகின்றனர். பணம், சோதனை, சாவடி, துணி, விளையாட்டு, அரசியல் என இவை ஒன்றோடொன்று தொடர்பற்றனவாகத் தோன்றுகின்றன. ஆங்கிலம் பயிலும் மாணவர் இவற்றைத் தனித்தனிச் சொற்களாக எண்ணி மனப்பாடம் செய்துவிடுகின்றனர்.

இவை தற்செயலாக ஒரே ஒலி பெற்ற வெவ்வேறு சொற்களா? அன்றி, ஒரு வேரிலிருந்து கிளைத்த கிளைகளா? இது நம் முதல் வினா. வங்கிச் செக் என்பது ‘ஸக்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபே என்று நம் சமுதாய மேடைகளிலும் மலர்களிலும் பன்முறை கூறப்பட்டு வருகிறது. அக்கூற்று எவ்வளவு உறுதியானது? இது நம் இரண்டாம் வினா. இவ்விரண்டிற்கும் விடை காண முயல்வோம்.

சதுரங்கம் மேற்கே சென்றது

செக் என்னும் சொல்லின் கதை சதுரங்கப் பலகையில் தொடங்குகிறது. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படை உறுப்புகளைக் குறிப்பது ‘சதுரங்கம்’ என்னும் வடசொல். இவ்விளையாட்டு இந்திய மண்ணில் தோன்றியது என்பது பெரும்பான்மை ஆய்வாளரின் முடிபு. இங்கிருந்து பாரசீகம் சென்றபோது அது ‘சத்ரங்’ எனப் பெயர் பெற்றது. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்கு உட்பட்ட பின்னர் அரபு மக்கள் இவ்விளையாட்டைக் கற்றனர். அரபு மொழியில் சகரத்தின் வல்லொலி இல்லாமையால் ‘சத்ரங்’ என்பது ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று.

அப்பாசிய கலீபாக்களின் காலத்தில் ஷத்ரஞ்ச் ஒரு கலையாகவே வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் அல் அத்லீ என்பாரும், 946ஆம் ஆண்டில் மறைந்த அபூபக்ர் அஸ்ஸூலீ என்பாரும் இவ்விளையாட்டில் ஒப்பற்றவர்களாய் விளங்கி, அதனைப் பற்றி நூல்களும் இயற்றினர். அரபு மக்கள் ஆண்ட ஸ்பெயின், சிசிலி ஆகிய நிலப்பகுதிகளின் வழியாக இவ்விளையாட்டு ஐரோப்பாவை அடைந்தது. காய்கள் சென்ற வழியிலேயே சொற்களும் சென்றன.

‘அரசே!’ என்னும் எச்சரிக்கை

பாரசீக மொழியில் ‘ஷாஹ்’ என்பதற்கு அரசன் என்பது பொருள். சதுரங்கத்தில் எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் ஒரு காயை நகர்த்துபவர் ‘ஷாஹ்!’ என்று வாய்விட்டுக் கூறுவார். ‘உம் அரசனைக் காத்துக்கொள்ளும்’ என்பது அதன் குறிப்பு. இச்சொல்லின் இறுதி ஹகர ஒலி ஐரோப்பியர் நாவில் ககர ஒலியாக மாறியது. இடைக்கால இலத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்றும், பழைய பிரெஞ்சு மொழியில் ‘எஸ்செக்’ என்றும் அது திரிந்தது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சுச் சொற்கள் பல்லாயிரம் ஆங்கிலத்தில் கலந்தன. அவற்றுள் ஒன்றாகிய இதுவும் முதலெழுத்துகளை இழந்து ‘செக்’ என நின்றது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவம் ‘செஸ்’ என்று விளையாட்டுக்கே பெயராயிற்று. எனவே செஸ், செக் ஆகிய இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாம்.

ஆட்டம் முடியுங்கால் கூறப்படும் ‘செக்மேட்’ என்பதும் ‘ஷாஹ் மாத்’ என்னும் தொடரின் திரிபே. இதன் பின்பகுதியைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. அரபு மொழியில் ‘மாத்த’ என்பதற்கு ‘இறந்தான்’ என்பது பொருளாதலின், ‘அரசன் இறந்தான்’ என்று உரைப்பர் ஒரு சாரார். பாரசீகத்தில் ‘மாத்’ என்பதற்கு ‘செய்வதறியாது திகைத்தவன்’ என்னும் பொருள் உண்டு. ஆதலின் ‘அரசன் வழியற்று நின்றான்’ என்று உரைப்பர் மற்றொரு சாரார். சதுரங்கத்தில் அரசன் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. நகர இடமின்றி நிற்பதோடு ஆட்டம் முடிகிறது. விளையாட்டின் விதியை நோக்கினால் பிந்தைய கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கட்டங்களும் கருவூலமும்

சதுரங்கத்தின் சொல் இங்கிலாந்தில் விளையாட்டோடு நின்றுவிடவில்லை. அது கருவூலத்துள்ளும் நுழைந்தது. சதுரங்கப் பலகையை இடைக்கால இலத்தீனில் ‘ஸ்காக்காரியம்’ என்பர். 12ஆம் நூற்றாண்டில் ஆங்கில மன்னரின் வருவாய்க் கணக்கைத் தணிக்கை செய்யும் அவைக்கும் இதுவே பெயராயிற்று. அதன் ஆங்கில வடிவமே ‘எக்ஸ்செக்கர்’ என்பது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’ என்றே அழைக்கப்படுகிறார்.

இப்பெயர் வந்த காரணத்தை, அக்கருவூலத்தின் தலைவராய் இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் என்பார் 1170களின் இறுதியில் எழுதத் தொடங்கிய நூலொன்றில் விளக்கியுள்ளார். ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசையின்மீது கோடுகள் இட்ட கறுப்புத் துணி விரிக்கப்படும். அக்கோடுகளுக்கிடையே வில்லைகளை வைத்தும் நகர்த்தியும் பவுன், ஷில்லிங், பென்னி எனக் கணக்கிடுவர். பூச்சியத்தோடு கூடிய எண்முறை அங்கு வழக்கிற்கு வராத காலம் அது. ரோமானிய எண்களைக் கொண்டு பெருங்கணக்கு இடுதல் அரிதாதலின் இம்முறை கையாளப்பட்டது. ஒரு புறம் கருவூலத் தலைவரும் மறுபுறம் வரி தண்டிய மாவட்ட அதிகாரியும் அமர்ந்திருக்க, சதுரங்கத்தில் இரு அரசர் பொருதுவது போல அவ்விருவரும் பொருதினர் என்று ஃபிட்ஸ்நீல் ஒப்புமை கூறுகிறார்.

கட்டங்கள் உடைய துணியைச் ‘செக்’ என்பதும் இச்சதுரங்கப் பலகையின் வழி வந்த பெயரே. இவ்விடத்தில் நம் கடற்கரையும் நினைவுக்கு வருகிறது. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிகள் அவ்வூர்ப் பெயராலேயே உலகில் வழங்கின. மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்கின்றனர். ‘பெலிக்காட்’ என்பது பழவேற்காடே. ஆங்கிலேயர் அவ்வகைக் கைக்குட்டைத் துணியைப் ‘புலிக்காட்’ என்று வழங்கினர். துணி நம்முடையது, அதன் கட்டங்களுக்கு நாம் இன்று வழங்கும் ‘செக்’ என்னும் பெயர் பாரசீக அரசனுடையது.

தடையும் சோதனையும்

இனி, தடுத்தல், சோதித்தல் என்னும் பொருள்கள் வந்தவாற்றைக் காண்போம். சதுரங்கத்தில் ‘செக்’ என்ற குரல் எழுந்தவுடன் எதிராளி தன் எண்ணப்படி ஆட இயலாது. அவர் திட்டமிட்டிருந்த பாய்ச்சல் அனைத்தும் நின்றுவிடும். அரசனைக் காப்பதே அவர் முதற்கடன். இதனால் திடீரெனத் தடைப்படுதல் எதுவாயினும் அதற்குச் ‘செக்’ என்னும் பெயர் ஏற்பட்டது. வேட்டை நாய்கள் மோப்பத்தை இழந்து நிற்பதையும் ஆங்கில வேட்டைக்காரர் ‘செக்’ என்றனர். தடைப்படுதல் என்னும் பொருளிலிருந்து தடுத்தல், கட்டுப்படுத்தல் என்னும் பொருள்கள் விரிந்தன.

கட்டுப்படுத்தலிலிருந்து சரிபார்த்தலுக்கு ஓரடியே உள்ளது. பிழையையும் ஏமாற்றையும் தடுப்பதற்கு ஒரே வழி, ஒரு கணக்கை மற்றொரு கணக்கோடு ஒத்துப் பார்ப்பதாகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ‘செக்’ என்பது இவ்வாறு ஒத்துப் பார்க்கும் பொருளையும் பெற்றுவிட்டது. மருத்துவரின் செக், சாவடியின் செக், விடைத்தாளைத் திருத்துவோரின் செக் ஆகியன எல்லாம் இக்கிளையைச் சேர்ந்தவை.

அரசியலிலும் இச்சொல் உயர்ந்த இடம் பெற்றது. 1748ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் மாண்டெஸ்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞர், அதிகாரத்தை அதிகாரமே தடுத்து நிறுத்துமாறு அரசு அமைதல் வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். 1787ஆம் ஆண்டில் வரையப்பட்ட அமெரிக்க அரசமைப்பு அக்கருத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும் ஆற்றலை ஆங்கிலத்தில் ‘செக்’ என்றே குறிப்பர். அரசனைக் குறித்த சொல், அரசனுக்கு விடுக்கும் எச்சரிக்கையாகி, முடிவில் ஆள்வோரின் வரம்பற்ற அதிகாரத்தைக் கட்டும் கயிறாகவும் ஆகிவிட்டது.

காசோலை எவ்வாறு செக் ஆயிற்று?

ஆங்கிலக் கருவூலத்தில் பணம் செலுத்தியோர்க்கு நெடுங்காலம் மரக்குச்சியே இரசீதாக வழங்கப்பட்டது. தொகைக்கு ஏற்பக் குச்சியில் வெட்டுகள் இட்டு, அதனை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைச் செலுத்தியவர்க்கும் மறுபாதியைக் கருவூலத்திற்கும் உரியதாக்குவர். ஐயம் எழுந்தால் இரு பாதிகளையும் பொருத்திப் பார்ப்பர். வெட்டுகள் பொருந்தாவிடில் ஏமாற்று வெளிப்படும். இம்முறை 1826ஆம் ஆண்டில் ஒழிந்தது. எஞ்சிய குச்சிகளை 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் நாடாளுமன்றக் கட்டட அடுப்புகளில் இட்டு எரித்தபோது, தீ பரவி அப்பழைய மாளிகையின் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

தாளில் எழுதும் பத்திரங்களுக்கும் இதே காப்புத் தேவைப்பட்டது. ஆகவே பத்திரத்தின் ஓரத்தில் ஒரு துண்டு தாளை நிறுத்தி, அதிலும் விவரங்களை எழுதி வைத்தனர். பத்திரத்தில் எவரேனும் தொகையை மாற்றினால் அத்துண்டோடு ஒத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அடித்துண்டுக்கே ‘செக்’ என்பது பெயர். பின்னர் அடித்துண்டு உடைய பணப்பத்திரம் முழுவதற்கும் அப்பெயர் ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் உறுப்பின் பெயர் முதலுக்கு ஆகிவருவதைச் சினையாகுபெயர் என்கிறோம், இதுவும் அத்தகையதே.

பண்டம் பெயருக்கு முற்பட்டது என்பதையும் இங்குக் கருதுதல் வேண்டும். லண்டன் வணிகர் நிக்கோலஸ் வனாக்கர் என்பார் 400 பவுன் கொடுக்குமாறு தம் வங்கியாளர்க்கு 1659ஆம் ஆண்டில் எழுதிய தாள், இங்கிலாந்தின் மிகப் பழைய காசோலைகளுள் ஒன்றாகக் காக்கப்பட்டு வருகிறது. ஆயினும் அக்காலத்தில் அத்தகைய தாளுக்குச் செக் என்னும் பெயர் வழங்கவில்லை. பிரிட்டனிலும் நம் நாட்டிலும் காசோலையைக் குறிக்குமிடத்து இச்சொல்லின் இறுதி எழுத்துகளை வேறாக எழுதும் வழக்கம், எக்ஸ்செக்கர் என்னும் சொல்லின் சாயலால் பின்னாளில் ஏற்பட்டது. அமெரிக்கர் இன்றும் எல்லாப் பொருளுக்கும் ஒரே எழுத்துமுறையைக் கையாள்கின்றனர்.

அரபு ‘ஸக்’ பற்றிய கூற்று

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். அரபு மொழியில் ‘ஸக்’ என்பது பணம் அல்லது பொருள் பெறுதற்குரிய எழுத்து ஆவணத்தைக் குறிக்கும். இதன் பன்மை ‘ஸுகூக்’ என்பதாம். இன்றைய இஸ்லாமிய நிதித்துறையில் இச்சொல் பெருவழக்காக உள்ளது. இதன் தொன்மையில் ஐயமில்லை. மதீனாவில் மர்வான் இப்னு ஹக்கம் ஆளுநராய் இருந்த காலத்தில், தானியம் பெறுவதற்குரிய ஸுகூக்கை மக்கள் பொருளைக் கைப்பற்றுமுன்னரே விற்று வாங்கியதையும், நபித்தோழர்கள் அதனைக் கண்டித்ததையும் இமாம் மாலிக்கின் முவத்தா பதிவு செய்துள்ளது. 10ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இப்னு ஹவ்கல், இன்றைய மௌரிதானியா நாட்டில் இருந்த அவ்தகுஸ்த் நகரில் 42,000 தீனார் கடனுக்குரிய ஸக் ஒன்றைக் கண்டதாக எழுதியுள்ளார். வங்கித் தாள்களை ஐரோப்பா அறிதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே முஸ்லிம் வணிகர் இத்தகைய ஆவணங்களைக் கையாண்டனர் என்பது உண்மை.

ஆயின், பண்டம் முந்தியது என்பதனால் சொல்லும் அங்கிருந்தே சென்றது என்று கொள்ளலாகாது. அரபிலிருந்து ஐரோப்பா சென்ற வணிகச் சொற்கள் இடைவழியில் தடம் பதித்தே சென்றன. சரக்கறைகளைக் குறிக்கும் ‘மகாஸின்’ இத்தாலி, பிரான்சு வழியாக ஆங்கிலத்தில் ‘மாகசீன்’ ஆயிற்று. ‘குத்ன்’ என்னும் பஞ்சின் பெயர் ‘காட்டன்’ ஆயிற்று. இவற்றின் இடைநிலை வடிவங்களை ஏடுகளில் காண்கிறோம். ‘ஸக்’ என்பது ஆங்கிலக் காசோலையாக மாறியதற்கு அத்தகைய இடைநிலைத் தடம் இல்லை. ஆங்கில ஏடுகளிலோ முதலில் சதுரங்கச் செக், அடுத்துத் தடை, அடுத்துச் சரிபார்த்தல், அடுத்து அடித்துண்டு, இறுதியில் காசோலை என்று ஒவ்வொரு படியும் காலவரிசையில் கிடைக்கிறது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளியான ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டுகளை ஆண்டோடு திரட்டித் தருவது. அப்பேரகராதி காட்டும் வழியும் சதுரங்கத்தின் வழியே.

ஒலி ஒப்புமையை மட்டும் நம்பினால் எங்குச் சென்று சேர்வோம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். எள்ளாட்டும் நம் செக்கும் இதே ஒலியுடையது. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கிற்கும் ஆங்கிலேயரின் செக்கிற்கும் உறவு கற்பிப்பார் எவரும் இலர். ஐரோப்பாவில் வாழும் செக் இனத்தாரின் பெயரும் இவ்வாறே தனிப் பிறப்புடையது.

இம்முடிபால் நம் பெருமைக்குக் குறைவு ஏதும் இல்லை. வங்கிச் செக்கிற்கு அரபு உலகோடு உறவு உண்டு. அவ்வுறவு கடைவீதியின் வழியே வந்ததன்று. ஷத்ரஞ்ச் பலகையின் வழியே வந்தது. ஸக்கின் சிறப்பு அதன் சொந்த வரலாற்றிலேயே நிலைத்துள்ளது. ஆங்கிலச் சொல்லுக்குத் தாயாக்கித்தான் அதனை உயர்த்தவேண்டும் என்பதில்லை. சான்றில்லாத ஒரு கூற்றை மேடையில் உரைத்துவிட்டால், அது பொய்யென அறிந்தவர்கள் அதனோடு சேர்த்து நம் மெய்யான பெருமைகளையும் ஐயுறுவர். ஆதலின் இதில் விழிப்புத் தேவை.

தமிழில் செக்

தமிழ் இச்சொல்லைப் பேச்சில் ஏற்றாலும், எழுத்தில் அதன் பொருள்களைப் பிரித்துத் தனித்தனிச் சொற்களால் உணர்த்துகிறது. வங்கிச் செக் ‘காசோலை’ ஆயிற்று. செக்போஸ்ட் ‘சோதனைச்சாவடி’ ஆயிற்று. சரிபார்த்தல், தடுத்தல், கட்டம், மருத்துவச் சோதனை எனப் பிறவும் அமைந்தன. மொழிபெயர்க்கும் மாணவர், ஆங்கிலச் செக்கைக் கண்டவுடன் ஒரே தமிழ்ச்சொல்லை இட்டுவிடாமல், அது எக்கிளையைச் சார்ந்தது என்று ஓர்ந்து எழுதுதல் வேண்டும்.

காசோலை என்னும் ஆக்கமும் சிறப்புடையது. ஓலை என்பது நம் நாட்டில் எழுத்து ஆவணத்திற்குரிய பழம்பெயர். தாளில் அச்சிட்ட பத்திரத்திற்கும் ‘ஓலை’ பொருந்தியதைப் போலத்தான், சதுரங்கத்தின் எச்சரிக்கைச் சொல் ஆங்கிலத்தில் பணத்தாளுக்குப் பொருந்தியது. புதுப்பண்டம் வருங்கால் மக்கள் தம்மிடமுள்ள பழஞ்சொல்லையே அதற்கு அணிவிக்கின்றனர்.

நிறைவாக

செக் என்னும் சொல்லின் பொருள்கள் சிதறிக் கிடக்கும் முத்துகள் அல்ல. ஒரு நூலில் கோக்கப்பட்டவை. அரசன், எச்சரிக்கை, தடை, ஒத்துப் பார்த்தல், அடித்துண்டு, காசோலை என்று ஒரு வரிசையும், பலகை, கட்டம், கருவூலம், துணி என்று மற்றொரு வரிசையும் அமைந்துள்ளன. இந்நூலைக் கண்டுகொண்ட மாணவர்க்கு மனப்பாடம் தேவையில்லை. பொருள் தானே விளங்கும்.

இத்தகைய ஆய்வு ஆங்கிலத்தோடு நின்றுவிடுதல் கூடாது. அசல், நகல், வசூல், பாக்கி, ரத்து என அரபு மொழியிலிருந்து வந்து தமிழில் கலந்த சொற்கள் பல. நம் ஊர்ப் பெரியவர்களின் வீடுகளில் பழைய கணக்கேடுகளும், அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும் ஏடுகளும் பேணுவாரின்றிச் செல்லரித்து வருகின்றன. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், எந்தப் பொருளில் எழுதப்பட்டது என்பதற்கு அவையே சான்றுகள். அவற்றைக் கழித்துக்கட்டாமல் காட்டி உதவுமாறு பெரியோர்களை வேண்டுகிறோம். மாணவர்கள் அவற்றிலுள்ள சொற்களை ஆண்டோடும் ஊரோடும் குறித்து வைப்பார்களாயின், நாளை எழும் தமிழ்ச் சொற்பிறப்பு அகராதிக்கு அது அரிய துணையாகும். ஒலியை மட்டும் கேட்டு உறவு பேசாது, ஏட்டைப் பார்த்து உறவு தெளியும் பழக்கம் நம் மாணவரிடையே வளர்க!